மணலிப்பற்றில் மழை நின்ற பதினேழு நாள்

தை மாதம் பத்தொன்பதாம் தேதி மத்தியானம், மணலிப்பற்றில் சம்பா பழுத்துத் தலைசாய்ந்து, அறுப்பு மிஷின்கள் இரண்டும் ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்து, இன்னும் ஒரு வயலில்கூட வாய் வைக்காமல் நின்றிருந்த நேரத்தில், கடல் பக்கமிருந்து கருமேகம் திரண்டு வந்து, ஊர்ஜனம் வாசலில் நின்று பார்த்திருக்க மழையாக இறங்கி, பனைகளின் தலை உயரத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. ஓய்ந்து நின்றதல்ல, மழை மழையாகவே நின்றது. துளிக்குக் கீழே துளியாக, சரத்துக்குப் பக்கத்தில் சரமாக, கோத்துத் தொங்கவிட்ட கண்ணாடி மணிபோல அசையாமல், தரைக்கு ஒரு துளி விடாமல் நின்றது. பனை உச்சியில் உட்கார்ந்திருந்த பருந்து மட்டும் நனைந்தது.

அந்த நேரம் தையல்நாயகி வாய்க்கால் முடிகிற கடைமடையில் தன் குத்தகை வயலின் வரப்பில் இருந்தாள். ஊரில் எல்லார் வயலும் பழுத்திருக்க அவள் வயல் மட்டும் பச்சையாக இருந்தது. ஐப்பசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது தலைமடைக்காரர்கள் பதினேழு நாள் மடையை அடைத்துவைத்துத் தங்கள் நிலத்துக்குப் பாய்ச்சிக்கொண்டார்கள். அவள் நாற்றங்காலில் நாற்று முற்றி மஞ்சளடிக்கிறவரை காத்திருந்து பதினெட்டாம் நாள்தான் நட முடிந்தது. கதிரில் இப்போதுதான் பால் பிடித்திருந்தது. மழை இறங்குவதைக் கண்டதும் அவள் புருஷன் உத்திராபதி, எதற்கும் கலங்கிப்போகிற மனுஷர், சாய்ந்து அழுகுவதற்குப் பதில் மாட்டுத் தீவனமாகவாவது ஆகட்டும் என்று அரிவாளோடு பச்சைப் பயிருக்குள் இறங்கி ஓடினார். பதினாறு வருஷமாக அவரை வாங்க, போங்க என்று மட்டுமே பேசிப் பழகிய தையல்நாயகி, அந்த ஒரு கணத்தில் அடிவயிற்றிலிருந்து "நில்லு" என்று கத்தினாள். உத்திராபதி நின்றார். மழையும் நின்றது.

வாய்க்கால் மேட்டில் புல் அறுத்துக்கொண்டிருந்த நாலு பெண்கள் இதைக் கேட்டார்கள். கட்டின புருஷனை ஒருத்தி 'நில்லு' என்பாளா, அதிலும் தையல்நாயகி சொல்வாளா, அப்படியானால் அவள் சொன்னது மழையைத்தான் என்று ஊருக்குள் போய்ச் சொன்னார்கள். பொழுது சாயுமுன் அதுவே ஊரின் முடிவாகிவிட்டது. அறுப்புக் கொத்துக்குத் தலைவியான ராசாம்பாள், முப்பது பெண்களை வரிசை கட்டி வயலில் இறக்கிப் பழகியவள், நேராகக் கடைமடைக்கு நடந்து வந்தாள்.

"எத்தன நாளு நிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிடு தையலு. அதுக்குத் தக்கன ஆள் சேக்கணும்."

"எனக்கு எப்படிக்கா தெரியும். நான் நிக்கச் சொன்னது இவரை."

"சரி, சொல்ல இஷ்டமில்லன்னா விடு" என்றாள் ராசாம்பாள், கோபமில்லாமல், அரிவாளைத் தீட்டக் கொடுக்கப் போகிற அவசரத்தில்.

மறுநாள் காலையில் மழை இரண்டு முழம் கீழே வந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு முழம். தென்னம்பாளைகள் நனைந்தன, மாமரத்து உச்சிக்கிளைகள் நனைந்தன, அவற்றைப் பார்த்து ஊர் புரிந்துகொண்டது: மழை வராமல் இல்லை, வந்துகொண்டுதான் இருக்கிறது, நடந்து வருகிறது, அது தரைக்கு வருவதற்குள் அறுத்துவிட வேண்டும். அதன்பிறகு வாயைப் பிளந்து நிற்க யாருக்கும் நேரமில்லை. இரண்டு மிஷின்களும் இஞ்சினை அணைக்காமல் ஓடின. ஓட்டுநர்களுக்கு ஓடுகிற வண்டியிலேயே சோற்றுப் பொட்டலம் ஏற்றிக் கொடுத்தார்கள். தாலுக்காவிலிருந்து வந்த அலுவலர் ஒருவர் எல்லையில் குடையோடு நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். மழை பெய்ததற்கு அவரிடம் படிவம் இருந்தது, பெய்யாததற்கும் இருந்தது, வந்து நிற்பதற்கு இல்லாததால் குடையை விரிக்காமலே திரும்பிப் போனார்.

ஆறாம் நாள், நெல்லைக் கொட்டுகிற குழாயை மிஷின் உயர்த்தியபோது அது மழைக்குள் புகுந்தது. ஒரு குடம் தண்ணீர் குழாய் வழியே இறங்கி நெல்லில் கலந்தது. "இதுக்கு மேல வண்டி நிமிராது" என்று ஓட்டுநர்கள் மிஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, ஓட்டுநர் அறையின் கூரையில் மழை உரச, ஊரைவிட்டுப் போனார்கள். மிச்சத்தைக் கையால் அறுத்தார்கள். பத்து வருஷமாகக் கருக்கரிவாளைத் தொடாதவர்கள் எல்லாம் பரணிலிருந்து அதைத் தேடி எடுத்தார்கள். ராசாம்பாள் கொத்து முன்னால் போக, கடைக்காரரும் வாத்தியாரும் கோயில் குருக்களும் பின்னால் குனிந்து போனார்கள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் தையல்நாயகியின் வயலைத் தவிர மணலிப்பற்றில் நிற்கிற பயிர் என்று ஒன்றுமில்லை. மழை அன்றைக்கு ஒரு உயரமான மனிதரின் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

அந்த ஒன்பது நாளும் அவள் வரப்பைக் கடந்து போனவர்கள் ஒரு வெற்றிலையோ ஒரு துண்டு மஞ்சளோ வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அவற்றை எடுத்து வாய்க்காலில் போட்டாள். தினமும் காலையில் ஒரு நெல்மணியைக் கிள்ளி நகத்தால் அழுத்திப் பார்ப்பாள். பிறகு மழையை அண்ணாந்து பார்ப்பாள். இரண்டில் எது முந்தும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லிப் பயப்பட ஊரில் ஒருவர்கூட இல்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அறுப்பு முடிந்ததும் ஊருக்கு மழை வேண்டாத விருந்தாளியாகிவிட்டது. வெயில் இல்லை. களத்தில் மலையாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டிருந்த நெல்லுக்குள் கை விட்டால் சுட்டது. ஓரங்களில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அறுத்த வயல்களில் தெளித்த உளுந்து வெளிறிப்போய் நூல்போல எழுந்தது. வண்டி எதுவும் ஊருக்குள் வர முடியவில்லை. வீட்டுக்குள் நிமிர்ந்து நடந்தவர்கள் வாசல் தாண்டியதும் குனிந்தார்கள், காக்கைகள் பறப்பதை விட்டுத் தெருவில் கோழிகளோடு நடந்தன. ஒருநாள் கொட்டித் தீர்த்துவிட்டால் மறுநாள் வெயில் வந்துவிடும், அது ஏன் விழாமல் நிற்கிறது, யாருக்காக நிற்கிறது என்ற பேச்சு டீக்கடையில் ஆரம்பித்து ஒரே பகலில் கடைமடை வரைக்கும் வந்துவிட்டது.

"விட்டுடுவோம் தையலு" என்றார் உத்திராபதி. "நாளைக்கும் இந்த ஊர்லதான் இருக்கணும். எல்லாரையும் பகைச்சுக்கிட்டு எங்க போறது?"

அவள் ஒரு மணியைக் கிள்ளி அவர் கையில் வைத்தாள். "கடிச்சுப் பாருங்க."

அவர் கடித்தார். பால் இறுகி மாவாகியிருந்தது, அரிசியாகவில்லை.

"இன்னும் ஏழு நாளு" என்றாள்.

அன்று, பத்தாம் நாள் சாயங்காலம், இருபது பேர் அரிவாளோடு வந்தார்கள். முன்னால் வந்தவர் தனபாலன், பாசன சங்கத் தலைவர், தலைமடையில் பெரிய நிலக்காரர், ஆறடி உயரம். மழை அவர் கழுத்தளவில் இருந்ததால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, முழங்கால் மடக்கி, வாழ்நாளில் நடந்தறியாத நடை ஒன்றை நடந்து வந்தார். தையல்நாயகி குள்ளம். கூட்டத்தில் அவள் ஒருத்திதான் நேராக நின்றாள். மழை அவள் உச்சிக்கு நாலு விரல் மேலே இருந்தது.

"எல்லாரும் அறுத்தாச்சு தையல்நாயகி. மழையை விழச் சொல்லு" என்றார் தனபாலன்.

"நான் சொல்லி அது நிக்கல தலைவரே. அன்னைக்கு நான் சொன்னது இவரை."

எல்லாரும் உத்திராபதியைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். யாரும் நம்பவில்லை. பெண்டாட்டி தன்னை 'நில்லு' என்றதை ஒரு ஆம்பிளை இருபது பேருக்கு முன்னால் ஒத்துக்கொள்கிறான் என்றால் அவளைக் காப்பாற்றத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"சரி, நீ சொல்லல. ஆனா மழை இந்தப் பயிருக்காகத்தான் நிக்குது. பயிர் இல்லன்னா அதுக்கு நிக்க என்ன இருக்கு? ஒரு மணி நேரத்து வேலை. அறுத்துப் போட்டுட்டுப் போறோம். மத்ததை அப்புறம் சங்கத்துல பேசிக்கலாம்."

தையல்நாயகி வரப்பிலிருந்து இறங்கி, வயலுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஐப்பசியில பதினேழு நாள் மடையை அடைச்சீங்க. நான் உங்க வீட்டுக்கு வந்து கேட்டேன். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்னு சொன்னீங்க. திரும்பி வந்துட்டேன். மழை வந்து இன்னையோட பத்து நாளு. எனக்கு இன்னும் ஏழு நாள் வேணும். நீங்க எடுத்துக்கிட்ட அந்தப் பதினேழு நாளைத்தான் கேக்கறேன் தலைவரே. அதுக்கு மேல ஒரு நாள் கேக்கல."

பின்னால் நின்றவர்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள். தனபாலன் அரிவாளைக் கை மாற்றிப் பிடித்து, அவளைச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை வயலுக்குள் வைத்தார்.

மழை ஒரு சாண் இறங்கியது. சத்தமே இல்லை. நெற்றிகளும் தோள்களும் ஒரே சமயத்தில் நனைய, இருபது பேரும் இன்னும் குனிந்தார்கள். தையல்நாயகியும் குனிந்தாள், உச்சியிலும் வகிட்டிலும் தண்ணீர் சில்லென்று இறங்கியது. கூட்டத்துக்கு அது அவளுடைய கோபமாகத் தெரிந்தது. அவளுக்கோ, இந்த மழைக்குத் தன்னையும் தெரியாது, அவரையும் தெரியாது, நினைத்தால் இந்த நொடியே மொத்தமாக விழுந்துவிடும் என்பது குளிரோடு குளிராக உறைத்தது. அவள் பயந்ததுபோல் அங்கே வேறு யாரும் பயப்படவில்லை.

கூட்டத்தின் கடைசியில் நின்ற ராசாம்பாள் அரிவாளை இடுப்பில் செருகினாள். "ஏழாம் நாள் காலையில எங்கொத்து வரும் தையலு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் பின்னால் இன்னொருவர் போனார், பிறகு இரண்டு பேர், பிறகு எல்லாரும். தனபாலன் மட்டும் ஒரு கால் வயலிலும் ஒரு கால் வரப்பிலுமாக, காதோரம் தண்ணீர் சொட்ட இருந்தார்.

"ஏழு நாள்ல எங்க நெல்லு பூரா மொளைச்சுடும்" என்றார். இப்போது அவர் குரலில் அதிகாரம் இல்லை.

"தெரியும். நான் என்ன பண்ணட்டும்னு நான் சொல்ல மாட்டேன். களத்துல கெடக்குறதை இழுத்து வீட்டுக்குள்ள பரப்புங்க. கூடத்துல, அறையில, கட்டிலுக்கு அடியில, எங்க எடமிருக்கோ அங்க. ஃபேனைப் போட்டுக் கிளறி விட்டுக்கிட்டே இருந்தா பாதிக்கு மேல தேறும். கிளற ஆள் வேணும்னா நானும் வரேன்."

அவள் சொன்னபடியே நடந்தது. தார்ப்பாயில் நெல்லை அள்ளிப்போட்டு, நாலு மூலையிலும் ஆள் பிடித்து, குனிந்தும் தவழ்ந்தும் தெருவோடு இழுத்து வந்து, மணலிப்பற்று தன் நெல்லை வீட்டுக்குள் பரப்பியது. கூடங்களில் கணுக்கால் உயரத்துக்கு நெல் கிடந்தது. அதன்மேல் நடந்து போய்ச் சமைத்தார்கள், அதன்மேல் பாய் விரித்துப் படுத்தார்கள், விருந்தாளி வந்தால் காலால் நெல்லை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார்கள். தையல்நாயகி தினமும் மத்தியானம் தனபாலன் வீட்டுக்குப் போய், வெறுங்காலைப் புதைத்து நெல்லில் சால் ஓட்டிக் கூடத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள். அந்த வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் வரும் நேரத்துக்கு ஒரு லோட்டா மோர் எடுத்து ஜன்னலில் வைத்திருந்தார்கள்.

மழை இப்போது விரல் விரலாக இறங்கியது. மார்பளவுக்கு வந்தது, பிறகு இடுப்புக்குச் சற்று மேலே. வெளியில் போகிறவர்கள் எல்லாரும் குந்திக்கொண்டே போனார்கள். எதிரெதிரே வந்தால் ஒருவர் முகம் ஒருவருக்கு அத்தனை கிட்டத்தில் இருந்ததால், வருஷக்கணக்காகப் பேசாதவர்கள்கூட ஏதாவது ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் தாண்ட வேண்டியிருந்தது. தையல்நாயகி காலையில் தவழ்ந்தே வயலுக்குப் போனாள். கதிர்களுக்கும் மழைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தது. கதிரின் நுனி மஞ்சளாகி, நடு மஞ்சளாகி, அடி மட்டும் பச்சையாக மிச்சம் இருந்தது.

பதினைந்தாம் நாள் அவள் வயலோரம் உட்கார்ந்திருந்தபோது 'தப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பார்த்தாள். ஒரு தோகையில் ஒரு துளி விழுந்து உடைந்திருந்தது. யாரும் தொடாமல், தானாக விழுந்த துளி. அவள் அடுத்த துளிக்காக வெகுநேரம் பார்த்திருந்தாள், இன்னொன்று விழவில்லை. வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் ஏழு துளி விழுந்தது. அன்று உத்திராபதியும் பக்கத்தில் இருந்தார்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"இன்னைக்கே அறுத்துடுவோமா?"

அவள் ஒரு மணியைக் கடித்தாள். பல்லில் அரிசி இருந்தது. ஆனால் உடையாமல் வளைந்தது. அவள் அதைத் துப்பாமல் விழுங்கினாள். "நாளைக்கு" என்றாள். சொல்லிவிட்டு, அன்று பகல் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காகத் தன்னைத் திட்டிக்கொண்டே தனபாலன் வீட்டு நெல்லைக் கிளறினாள்.

பதினேழாம் நாள் விடிந்ததும் ராசாம்பாள் கொத்து வந்தது. கொத்துக்குப் பின்னால் ஊர் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. வாய்க்கால் மேட்டுப் பள்ளிக்கூடம் காலியாக இருந்ததால் அதுவரைக்கும் வரப்பு நெடுக ஆட்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அறுக்கிறவர்கள் மண்டியிட்டு அறுத்தார்கள். அரிந்த தாளைக் கட்டக்கூட நேரமில்லாமல் அரி அரியாகப் பின்னால் நீட்டினார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி, தரையோடு தரையாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். துளிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழ ஆரம்பித்திருந்தன. முதுகில் விழுந்தவர்கள் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கி, நெற்றி நனைந்து, மறுபடி குனிந்தார்கள். அரிவாள் தாளை இழுக்கும் கரகரப்பும், அதற்கு நடுவே 'தப்', 'தப்' என்ற சத்தமும்தான்.

தையல்நாயகிக்குப் பக்கத்து வரிசையில் யாரோ தாறுமாறாக அறுத்துக்கொண்டு வருவது தெரிந்து திரும்பினாள். தனபாலன். பெரிய உடம்பை நாலாக மடக்கிக்கொண்டு, தாளை அளவுக்கு மேல் பிடித்து, அரிவாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் வெட்டுப்பட்டு ரத்தம் தாளில் கோடு போட்டிருந்தது. அவள் முந்தானை ஓரத்தைக் கிழித்து நீட்டினாள். அவர் வாங்கிப் பல்லால் முடிச்சு போட்டுக்கொண்டார். இருவரும் திரும்பி அறுக்கப் போனார்கள்.

மத்தியானத்துக்குள் வயல் ஒரு மூலைக்குச் சுருங்கிவிட்டது. துளிகள் இப்போது எண்ண முடியாதபடி விழுந்தன; என்றாலும் மழை என்று சொல்லும்படி இல்லை. கடைசிப் பிடியை அவள் அறுத்தாள். அது பத்துக் கை, இருபது கை, ஐம்பது கை மாறிப் போவதை எல்லாரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்திருந்தார்கள். பள்ளிக்கூட வாசலிலிருந்து ராசாம்பாள் குரல் கேட்டது: "வந்துடுச்சு."

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மழை விழவில்லை, ஏறவும் இல்லை. இருநூறு பேர் மண்டியிட்டபடி தையல்நாயகியைப் பார்த்தார்கள், அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று. அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, தன் முழங்கால் வலிப்பதும், முதுகு விறைத்துக் கிடப்பதும், எத்தனையோ நாளாக வானத்துக்குக் கீழே தான் நிமிரவே இல்லை என்பதும்தான் அவளுக்குத் தோன்றியது. பயிர் கூரைக்குள் போய்விட்டது. இனி எதற்குக் குனிந்திருக்க வேண்டும்? அவள் எழுந்து நின்றாள்.

உச்சி நனைந்தது, முகம் மழைக்குள் போனது, தோளும் மார்பும் நனைந்தன. கண்ணைத் திறந்தபடியே நின்றாள். கண்முன்னால் துளிகள் அடுக்கடுக்காக வானம்வரைக்கும் நின்றன. கீழே உத்திராபதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிற முனகல் கேட்டது. பிறகு யாரோ ஒருத்தி எழுந்தாள். பிறகு வரப்பு நெடுக எலும்புகள் நெறிபட, ஈரத்தைக் கிழித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஊர் எழுந்து நிமிர்ந்தது. கடைசி ஆள் நிமிர்ந்தபோது, பதினேழு நாள் காத்திருந்த மழை, ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்காதபடி, மொத்தமாக விழுந்தது.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைக் கவிழ்த்துப்போட்டு ராசாம்பாள் கதிரடிப்பை ஆரம்பித்திருந்தாள். தையல்நாயகி ஈரச்சேலையைப் பிழிந்து செருகிக்கொண்டு ஒரு அரியை எடுத்துப் பெஞ்சில் ஓங்கி அடித்தாள். மணிகள் சிதறி ஓடின. நல்ல கனம் உள்ள மணிகள், சில மட்டும் பச்சை. வெளியே மழைச் சத்தம், உள்ளே அடிக்கிற சத்தம். வாசலை யாரோ மறைத்ததுபோல் வெளிச்சம் குறைந்தது. தனபாலன் தண்ணீர் வடிய நின்றிருந்தார். யாரும் அவரை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவராகவே உள்ளே வந்து, ஒரு அரியை அள்ளி, கட்டுப்போட்ட கையோடு தையல்நாயகிக்கு எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் அடித்தார். பாதி மணி கதிரிலேயே தங்கிவிட்டது.

அவள் தன் கையிலிருந்ததை இன்னும் இரண்டு அடி அடித்து, வைக்கோலை ஒதுக்கிப் போட்டுவிட்டு, நிமிராமலே சொன்னாள்:

"தாளோட அடியைப் பிடிங்க. கையைத் தளர்த்திக்கிட்டு அடிங்க, மணி தானா வரும்."